கடல் கடந்த தைப்பூசம்

திருஞானசம்பந்தர் மயிலைப் பதிகத்தில் எடுத்தோதிய விழாக்களுள் தைப்பூசமும் ஒன்று. அதனைச் சிங்கப்பூர்வாழ் சைவ நன்மக்கள் போற்றிவரும் முறை அறியத்தக்கது. ஆங்கு 1968ஆம் ஆண்டில் அந்நாள் பொதுவிடுமுறைப் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. (தமிழகத்திலேயே அது விடுமுறையானது 2021ஆம் ஆண்டில்தான் என்பதும் ஈண்டு நினைக்கற்பாலது.) விடுமுறை போயினும் விழா போகவில்லை. பணிக்குச் செல்லும் அன்பர் என் செய்வர்? முதனாள் நள்ளிரவளவிலேயே சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலில் பாற்குடந் தாங்கிப் புறப்பட்டு, நகரத்தார் எடுப்பித்த தெண்டாயுதபாணி திருக்கோயிலை நடந்து சென்றடைகின்றனர். முருகனுக்குரிய காவடி திருமால் சந்நிதியினின்றும் எழுவது, பூசலிட்டுத் திரிவார் ஒருமுறையேனும் காணவேண்டிய காட்சியாம். பாலை அபிடேகத்திற்கு ஒப்புவித்துத் திருநீறு பெற்று, அவருட் சிலர் அன்று காலையே பணிமனை புகுவர். வேறு சிலர் தமக்குரிய ஆண்டு விடுப்பில் ஒருநாளை இதற்கெனவே காத்து வைப்பர்.