எனக்கு ஓடுதே

பேக்கப் எடுக்கப்படவில்லை என்று என்னிடம் முதலில் சொன்னவரை நான் நம்பவில்லை. பிறகு அதற்கான பழியை அவரே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அண்ணா, ஃபைல் தினமும் வருது, சைஸ் ஜீரோ காட்டுது" என்றார் என் கீழ் வேலை பார்த்த தம்பி. சர்வரில் லாகின் செய்து அதே கட்டளையை ஓட்டிக் காட்டினேன். ஓடியது. "எனக்கு ஓடுதே, நீ எங்கயோ தப்பா அடிச்சிருப்ப" என்று அனுப்பிவிட்டேன்.

தப்பு என்னுடையது. டேட்டாபேஸைப் பிரதியெடுக்கும் நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லும் பாத் வரியை .பாஷ்_புரொஃபைல் கோப்பில் எழுதியிருந்தேன். ஆள் லாகின் செய்தால் பாஷ் அதைப் படிக்கும். இரவில் இன்னொரு சர்வர் எஸ்எஸ்ஹெச் வழியாக ஒற்றைக் கட்டளையை மட்டும் அனுப்பினால் அது லாகின் ஷெல் அல்ல. பாஷ் அந்தக் கோப்பைத் திறக்கவே திறக்காது. உபுண்டுவில் .பாஷ்ஆர்சி கோப்பைத் திறக்கும். ஆனால், தட்டச்சு செய்ய ஆள் இல்லாத அமர்வென்றால் மேற்கொண்டு படிக்காதே என்ற நிபந்தனை அதன் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே நிரல் கிடைக்கவில்லை. வெற்றுக் கோப்பு மட்டும் உருவானது. பிழைச்செய்தி வந்திருக்க வேண்டும். மெயில் குவிகிறது என்று அதை டெவ் நல்லுக்குத் திருப்பிவிட்டவனும் நான்தான். எந்த ஷெல் எந்தக் கோப்பைப் படிக்கும் என்பது பாஷ் மேனுவலில் விளக்கமாக இருக்கிறது. படிக்காமலே சீனியர் ஆகியிருந்தேன்.

காரணம் தெரிந்ததும் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பாத் வரியை .பாஷ்ஆர்சியில் நிபந்தனைக்கு மேலே ஒட்டினேன். சோதனைக்காக ஒரு எக்கோ வரியும் சேர்த்து, எடுக்க மறந்தேன். அந்த சர்வரில் எஸ்எஃப்டிபியும் அதே ஷெல் வழியாகத்தான் தொடங்கியது. என் எக்கோவின் எழுத்துகள் அதன் தரவோடு கலந்து, அந்தக் கணக்கைப் பயன்படுத்திய எல்லோருடைய கோப்புப் பரிமாற்றமும் நின்றது. பேக்கப்பைக் கவனிப்பது தம்பியின் பொறுப்பு என்பதால் கூட்டத்தில் இரண்டுக்கும் அவரைக் கேட்டார்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன், பேசவில்லை. மேலாளரிடம் நான் உண்மையைச் சொன்னபோது தம்பி வேலையை விட்டுப் போயிருந்தார்.

இப்போது ஸ்கிரிப்டுக்குத் தேவையான பாத்தை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதுகிறேன். தொலை சர்வரில் வேலை ஓட்டுபவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்: எஸ்எஸ்ஹெச் கட்டளையின் முடிவில் என்வி என்று சேர்த்து ஓட்டி, வருவதை லாகின் செய்த பிறகு என்வி காட்டுவதோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். அதுவரை யாரிடமும் "எனக்கு ஓடுதே" என்று சொல்லாதீர்கள்.