பற்றரியும் இரண்டு வயர்களும்

அண்மையில் சம்பூரில் மருமகள் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அவளுடைய மகன் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் பிறந்தவன். இப்போது இலத்திரனியல் பித்துப் பிடித்து அலைகிறான். பிரெட்போர்ட் எனப்படும் வெள்ளைத் துளைப்பலகையுடன் என்னிடம் வந்தான்.

"தாத்தா, லைற் பத்துதில்லை."

9 வோல்ற் பற்றரியின் சிவப்பு வயர் சிவப்புக் கோட்டு வரிசையிலும் கறுப்பு வயர் நீலக் கோட்டு வரிசையிலும் ஒழுங்காகவே சொருகப்பட்டிருந்தன. ஒளிகாலும் இருவாயியின் நீண்ட கால் நேர்ப்பக்கத்தில் இருந்தது. 470 ஓம் தடையியையும் மறக்கவில்லை. அஃதின்றேல் குமிழ் கணத்தில் கருகியிருக்கும். உற்றுப் பார்த்தபின்தான் பிழை தெரிந்தது. சில பலகைகளில் ஓரத்து வரிசைகள் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். கோடு அறுந்திருப்பதே அதற்கு அடையாளம். இரு வரிசைகளிலும் அந்த இடைவெளியைச் சிறு வயர்களால் இணைத்தோம். பற்றிக்கொண்டது.

பத்திரிகைக்காரனுக்கு இது எப்படித் தெரியும் என்று அவன் வியந்தான். 1990 இல் வடக்கின்மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை. பி.பி.சி. தமிழோசையைக் கேட்காமல் மறுநாள் செய்தி எழுதுவது எங்ஙனம்? சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்தோம். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். நான்கு இருவாயிகளையும் ஒரு கொள்ளளவியையும் இணைத்தால் இரைச்சல் அடங்கும். சுற்றுபவர் களைத்தால் செய்தி பாதியில் நின்றுவிடும். அந்தப் பாதியை நாங்கள் ஊகித்து எழுதியதுமுண்டு என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

மருமகள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடிய குடும்பம் அவளுடையது. ஊருக்குத் திரும்புவதற்குப் பத்தாண்டுகள் சென்றன.

"மாமா, இதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகப் போறானாம். பற்றரியும் வயருமா பஸ்ஸில போனா பார்க்கிறவன் என்ன நினைப்பான்?"

பையன் சிரித்தான். யுத்தம் முடிந்தது 2009 இல். 2025 ஏப்ரலில் இதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையப் பணி தொடக்கிவைக்கப்பட்டது. இன்னுமா ஒரு சிறு பற்றரிக்குப் பயம் என்று கேட்க வாயெடுத்தேன். சோதனைச்சாவடிகளில் ரோச் லைற்றைக் கழற்றிக் காட்டியவன் நான். கேட்க இயலவில்லை.

அவன் உறங்கியபின் பற்றரியைக் கழற்றி, வயர்களைச் சுருட்டி, வேறு வேறு பெட்டிகளில் வைத்தேன்.