பொடக்காலியில் ஒரு வீடு

எங்கள் ஊர் திருப்பூர். எங்கள் இடம் 3 சென்ட், அதாவது சுமார் 1,307 சதுர அடி. பின்னால் பொடக்காலியில் ஒரு முருங்கைமரம் இருந்தது. போன வருடம் அப்பா அதை வெட்டிவிட்டு, 10 அடிக்கு 12 அடியில் வாடகைக்கு விட ஒரு ரூம் கட்டினார். ஹாலோ பிளாக் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். நான் இரண்டு நாள் அப்பாவிடம் பேசவே இல்லை.

"தண்ணி நமக்கே பத்தாதுங்க!" என்றார் அம்மா.

"பெரியவ காலேஜ் பீசுக்கு ஆச்சு. பனியன் கம்பெனிக்கு வர்றவங்களுக்குத் தங்க எடமும் ஆச்சு" என்றார் அப்பா.

தேனியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மூன்று பிள்ளைகள். "புள்ளைங்க ஜாஸ்தி, வீடு இல்லீங்க" என்று பல இடத்தில் சொல்லிவிட்டார்களாம். மூத்தவள் இப்போது என் வகுப்பு, என் பெஞ்சு!

தண்ணி வரும் நாளில் குடம் வைப்பதில் சண்டை வரும். சித்திரை வெயிலில் அவர்கள் ஷீட் கொதிக்கும். அப்போது எல்லோரும் எங்கள் திண்ணைக்கு வந்துவிடுவார்கள்.

மரத்தை வெட்டிய அன்றே அமுச்சி ஒரு போத்தைச் சுவரோரம் நட்டு வைத்தது. இப்போது அது வளர்ந்து அந்த ஷீட்டுக்கு நிழல் போடுகிறது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பின்னால் ரூம் கட்டினால், ஒரு மரத்துக்கும் இடம் விடச் சொல்லுங்கள். குடிவருகிறவர்களும் நம்மைப் போலத்தானே!

- 9-ஆம் வகுப்பு மாணவி