கத்தி பாதி, கிளேஸ் பாதி

சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் உள்ள ஜிங்தெஜெனுக்குப் பீங்கான் வேலை கற்க வருகிறவர்களில் பலருக்குச் சக்கரத்தின் மேல்தான் ஆசை. நான் கேட்டது செதுக்கல். சோங் பேரரசு காலத்தில் இந்த ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த ‘சிங்பாய்’ என்ற வெளிர்நீலப் பீங்கானில் பூவும் இலையும் தீட்டப்படுவதில்லை, வெட்டப்படுகின்றன.

முதலில் கத்தியைச் சாணை பிடிக்கப் பழகினோம். பிறகு, கழித்துப்போட்ட, சுடாத பச்சைக் கிண்ணங்களில் வெட்டிப் பார்த்தோம். கோட்டின் ஒரு விளிம்பு ஆழமாக இறங்க வேண்டும். மறு விளிம்பு சரிவாக மேலேறி மறைய வேண்டும். அதற்குக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, வளைவுக்கு ஏற்ப மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். “கிளேஸ் வந்து நிற்க இடம் வெட்டு” என்பார் எங்கள் ஷிஃபு, அதாவது குரு. வெட்டும்போது கண்ணுக்கு அழகாகத் தெரியும் மெல்லிய கோடுகள் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சுக்கு அடியில் காணாமல் போய்விடும். ஆகவே, கொஞ்சம் கூடுதலாகத் தோன்றும் அளவுக்கே வெட்டச் சொல்வார்.

அந்தப் பேச்சின் பொருள் கிளேஸ் தொட்டியருகே வேலை செய்தபோதுதான் விளங்கியது. பீங்கான் கல்லின் பொடியோடு, சுண்ணாம்பையும் பெரணிச் செடியையும் சேர்த்து எரித்த சாம்பலைக் கலப்பார்கள். சுண்ணாம்புச் சத்தால் சூளையில் அந்தக் கிளேஸ் இளகி ஓடும். சரிந்த வயலில் தண்ணீர் பள்ளத்தில் தேங்குவதுபோல, ஆழமான விளிம்பில் கிளேஸ் திரண்டு நிற்கும், மேட்டில் மெலியும். அதிலுள்ள சொற்ப இரும்பு, ஆக்ஸிஜன் குறைந்த தீயில், ஏறத்தாழ 1300 டிகிரி செல்சியஸில் நீலச்சாயல் தரும். கனத்த இடம் நீலம், மெலிந்த இடம் வெள்ளை. ஒரே கிளேஸில் இதழுக்கு நிழல் விழுவது இப்படித்தான்.

பூசுமுன் ஈரத் தூரிகையால் செதுக்கல் தூளைத் துடைத்துவிட வேண்டும். தூள் தங்கிய இடத்தில் கிளேஸ் ஒட்டாது. பாண்டம் சுடாத பச்சை மண் என்பதால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். உட்புறத்தில் ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவதிலும், வெளிப்புறத்தை முக்கி எடுப்பதிலும் தாமதம் கூடாது.

ஜெஜியாங் மாகாணத்தின் லோங்சுவான் சூளைகள் வேறு வழியில் போயின. தெற்கு சோங் காலத்தில் அங்கே பச்சை கிளேஸைப் பல பூச்சாகக் கனமாக ஏற்றினார்கள். நுண்ணிய செதுக்கல் அதில் மூழ்கிவிடும் என்பதால் செதுக்கல் குறைந்தது; வடிவமும் நிறமும் முன்னுக்கு வந்தன.

ஒரு கிண்ணம் முழுமையடைய 72 கைகள் மாறும் என்று 1637-இல் வெளியான ‘தியான்கோங் கைவு’ என்ற சீனத் தொழில்நுட்ப நூல் சொல்கிறது. இன்றும் செதுக்குபவர் ஒருவர், பூசுபவர் வேறொருவர். ஆனால், செதுக்கல் கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கத்தியோடு நிற்காதீர்கள், கிளேஸ் தொட்டியிலும் வேலை கேட்டு வாங்குங்கள். கிளேஸ் எப்படி ஓடும் என்று அறியாமல் எவ்வளவு ஆழம் வெட்டுவது என்று முடிவுசெய்ய முடியாது.