முன்னே நெருப்பு, முதுகில் பனி

வட இந்தியச் சமவெளியின் குளிர்காலத்தில் மற்ற எந்தத் தொழிலாளிக்கும் வாய்க்காத வசதி கண்ணாடி வேலை செய்பவருக்கு வாய்த்திருப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கக்கூடும். கைக்கெட்டும் தொலைவில் நெருப்பு இருக்கிறதே! அந்த நெருப்பின் முன்னால் ஒரு முழு ஜனவரியைக் கழித்தவர்கள் அவ்வாறு சொல்வதில்லை. முகம் காய்ந்து இழுக்கும், உதடு வெடிக்கும், கண்கள் எரியும். அதே நேரத்தில் முதுகுத்தண்டின் வழியே பனி இறங்கிக்கொண்டிருக்கும். சிமெண்டுத் தரையில் மடித்த கால்கள் மரத்துப்போயிருக்கும். ஓர் உடம்புக்குள் இரண்டு பருவங்கள்.

ஆக்ராவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் ஃபிரோசாபாத் நகரில் இது ஆயிரக்கணக்கான வீடுகளின் அன்றாடம். தொழிற்சாலை உலையில் உருகிய கண்ணாடி, சுழலும் உருளையின்மேல் கம்பிச்சுருளாகச் சுற்றப்படுகிறது. சுருளைக் கீறிப் பிரித்தால் வாய் மூடாத வளையங்கள் கிடைக்கின்றன. நூல் கட்டிய அந்தக் கட்டுகளுக்குத் ‘தோடா’ என்று பெயர். ஒரு தோடாவில் முந்நூறு வளையல்களுக்குக் குறையாது. அவை தள்ளுவண்டிகளிலும் மிதிவண்டிகளிலும் சந்துகளுக்குள் வந்து சேர்கின்றன. அங்கே, பெரும்பாலும் பெண்கள், சுடரின் முன் அமர்ந்து முனைகளை நேராக்கி ஒட்டவைக்கிறார்கள். கூலி எண்ணிக்கைக்குத்தான். மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்கள் அனீஸ் ஜங் எழுதிய ‘லாஸ்ட் ஸ்பிரிங்’ பாடத்தின் வழியாக இந்த ஊரை அறிந்திருப்பார்கள். அதில் வரும் இருட்டறையைப் பற்றித் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியும் இருப்பார்கள். அந்த அறையில் காற்று எப்படி இருந்திருக்கும் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.

1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தாஜ்மகாலைச் சுற்றிய 10,400 சதுர கிலோமீட்டர் பகுதியில் நிலக்கரியையும் கற்கரியையும் எரித்த தொழிற்சாலைகளை இயற்கை எரிவாயுவுக்கு மாறச் சொன்னது. ஃபிரோசாபாத் அந்தப் பகுதிக்குள் வருகிறது. பளிங்குக் கற்களின் நலனுக்காக உலைகள் மாறின. நல்லதுதான். ஆனால் அந்த வழக்கின் கவலை புகைபோக்கிகளைப் பற்றியது. புகைபோக்கியே இல்லாத பத்தடி அறையில் எரியும் சுடர் அதன் பார்வைக்கு வெளியே இருந்தது. அது நெடுங்காலம் மண்ணெண்ணெயில் எரிந்தது. பிறகு சமையல் எரிவாயு உருளை வந்தது. புகைக்கரி குறைந்தது என்பதாலேயே காற்று தூய்மையானது என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது.

ஒட்டும் வேலைக்கு அந்த ஊரில் வழங்கும் சொல் ‘ஜுடாயி’. இணைத்தல் என்று பொருள். நாவின் நுனியை மடிக்காமல் பல்லில் வைத்துச் சொன்னால் அது ‘ஜுதாயி’ ஆகிவிடும். பாரசீகத்திலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குப் பிரிவு என்று பொருள். ஒலியனியல் வகுப்பில் எடுத்துக்காட்டாகச் சொல்லத் தக்க இணை. இன்னொன்றும் உண்டு. இந்தியில் குளிர் ‘லக்’கிறது, நெருப்பும் ‘லக்’கிறது, பசியும் அவ்வாறே. எல்லாம் மனிதரின்மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. தமிழில் ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதிலும் குளிர்பவர் எழுவாயாக இல்லை, நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். செய்பவராக அன்றி, நேர்வதை ஏற்பவராக. தெற்காசிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான இந்த அமைப்பைப் படிக்கும்போது அது வெறும் இலக்கணமாகத் தெரியும். குளிரைத் தவிர்க்க வழியற்றவர்களின் அறையில் அது வேறு விதமாகத் தெரிகிறது.

ஜுடாயி நடக்கும் அறையில் மின்விசிறி ஓடக்கூடாது. காற்று அசைந்தால் சுடர் அசையும், சுடர் அசைந்தால் முனைகள் ஒட்டாது. 45 டிகிரி வெயிலிலும் அதுவே விதி. கோடையில் இந்த விதி தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும். குளிர்காலத்தில் அது சலுகைபோலத் தோன்றுவதுதான் ஆபத்து. காற்றை நிறுத்துவதற்கு வேலையும் காரணம் சொல்கிறது, உடம்பும் காரணம் சொல்கிறது. மூன்றாவதாகக் கண்ணாடியும். ஆய்வகக் குடுவைகள் செய்யப்படும் போரோசிலிகேட் கண்ணாடி ஒரு டிகிரி வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 3.3 பங்கு மட்டுமே விரியும். வளையலுக்கான சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி ஏறத்தாழ 9 பங்கு விரியும். சுடரிலிருந்து எடுத்த இணைப்பின்மேல் குளிர்ந்த காற்று பட்டால் மேற்பரப்பு முந்திச் சுருங்கும், உள்ளே இருக்கும் சூடு விட்டுக்கொடுக்காது. மெல்லிய ஒரு ‘டிக்’ ஓசை. அவ்வளவுதான். முழு வளையலுக்கே கூலி என்ற இடத்தில் அந்த ஓசையின் விலை உடனே தெரிந்துவிடும்.

ஆகவே, தீபாவளி கழிந்ததும் சந்தின் சன்னல்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. நெகிழித்தாள், உரச்சாக்கு, பழைய ரஜாயின் பஞ்சு, செய்தித்தாளைக் கூழாக்கிய பசை. ஜனவரி நடுவில் கர்மாஸ் முடிந்து திருமணங்கள் மீண்டும் தொடங்கும். அதற்கு முன்பே சந்தையில் வளையல் குவிய வேண்டும். குளிர் உச்சத்தில் இருக்கும் நாள்களும் வேலை உச்சத்தில் இருக்கும் நாள்களும் ஒன்றே. இரவு வெப்பநிலை 7, 8 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். மூடுபனி கவிந்த பகல்களில் சூரியனே எழாததுபோல் இருக்கும்.

அத்தகைய ஒரு சந்தில், ஒரு வீட்டில், மாமியாரும் மருமகளும் எதிரெதிராக இரண்டு சுடர்களின் முன் அமர்வார்கள். மாமியார் நாற்பது ஆண்டுகளாக இதே வேலை செய்பவர். மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். நண்பகலானால் அவளுக்குத் தலைவலி வரும், வயிற்றைப் புரட்டும். மாடிக்குச் சென்று அரைமணி நேரம் அமர்ந்தால் தணியும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் குமட்டல் இயல்பு என்றார்கள் அக்கம்பக்கத்தார். குளிர் ஏறிவிட்டது, மாடி வெயில் அதை இறக்குகிறது என்பது மாமியாரின் முடிவு. கதவிடுக்கில் மேலும் ஒரு சாக்கைச் செருகினார். அன்பினால் செய்த காரியம்தான் அது. அவருடைய அனுபவத்தில் பேறுகாலத்துப் பெண்களைக் கொண்டுபோனது எப்போதும் குளிராகவே இருந்தது.

கணவனின் தம்பி பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிப்பவன். கொழுந்தனுக்கும் அண்ணிக்கும் உரிய கேலிப்பேச்சின் நடுவே அவன் ஒரு நாள் கேட்ட கேள்வி கூர்மையானது. “மூடுபனி நாளில் மாடியில் வெயிலே இல்லையே அண்ணி, அன்றைக்கும் தலைவலி தணிகிறதா?” தணிகிறது. வெயில் இல்லாமலும் தணிகிறது, குளிர் அதிகமாக இருந்தும் தணிகிறது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இந்த முறைக்கு ஆய்வுத்துறைகள் பெரிய பெயர்கள் வைத்திருக்கின்றன. இங்கே மாறியது காற்று மட்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிணையும். தாயிடமிருந்து கருவுக்கும் கடக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் 24 மணி நேரச் சராசரிக்கு அது விதித்த எல்லை கன மீட்டருக்கு 4 மில்லிகிராம். ஃபிரோசாபாத்தின் சந்துவீட்டில் அதை அளக்கும் கருவி யாரிடமும் இருக்கப்போவதில்லை. ஆனால் அளவையின்றியே சில கணக்குகளைப் போட்டுப் பார்க்கலாம்.

மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். சுடர்கள் சேர்ந்து மணிக்கு 100 கிராம் எரிவாயு எரிப்பதாகக் கொண்டால் பத்து மணி நேர வேலையில் ஒரு கிலோ. ஒரு கிலோ எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்றில் உள்ள ஆக்சிசன் வேண்டும். அதாவது அறைக்காற்றில் ஏறக்குறையப் பாதி. முழுமையாக அடைத்த அறை அதைத் தராது. தரமுடியாத நிலையை நெருங்க நெருங்கச் சுடர் அரைகுறையாக எரியும், மோனாக்சைடு பெருகும். எரிந்த ஒரு கிலோவிலிருந்து 1.6 லிட்டர் நீரும் ஆவியாக வெளிவரும். குளிரில் சுவர் அழுகிறது என்று மாமியார் சொல்லிவந்தார். சுவர் அழுதது உண்மை. அந்த ஈரத்தில் பெரும்பகுதி அவருடைய சுடரிலிருந்தே வந்தது.

இனி மறுபக்கம். சன்னலைத் திறந்தால் சூடெல்லாம் போய்விடும் என்ற அச்சம் எவ்வளவு நியாயமானது? மணிக்குப் பத்து முறை அறைக்காற்றை மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். 270 கன மீட்டர். ஒரு கன மீட்டர் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 1.2 கிலோஜூல் போதும். 8 டிகிரிக் காற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவர மணிக்குச் சுமார் 3,900 கிலோஜூல். ஒரு கிலோ எரிவாயு 46,000 கிலோஜூல் தருகிறது. ஆக, 85 கிராம். எரிகின்ற 100 கிராமே காற்றோட்டத்தின் கடனை ஏறத்தாழ அடைத்துவிடுகிறது. சுவரும் கூரையும் தங்கள் பங்கை உறிஞ்சும் என்பதால் அறை 20 டிகிரியை எட்டாது. ஆனாலும் உறைந்துபோகாது. மேலும், வெந்த காற்று சுடருக்கு மேலேயே வெளியேறும்படி செய்தால் அறை முழுவதையும் பத்து முறை மாற்ற வேண்டிய தேவையே இல்லை.

கணக்கைக் கேட்ட மாமியார் அசையவில்லை. “பஹூவுக்குச் சளி பிடித்தால் உன் கணக்கா வந்து பார்க்கும்?” என்றார். நியாயமான கேள்வி. இளைஞர்கள் சராசரி வெப்பநிலையைப் பேசுகிறார்கள், முதியவர்கள் முதுகில் படும் காற்றைப் பேசுகிறார்கள். குளிர் என்பது அறையின் சராசரி அன்று. கதவின் அடியிடுக்கு வழியாகத் தரையோடு தவழ்ந்து வந்து இடுப்பில் ஏறும் மெல்லிய ஓட்டமே உண்மையான குளிர். அந்த இடுக்கை அவர் அடைத்தது சரியான வைத்தியம்தான், அதோடு மற்ற வழிகளையும் அடைத்ததே பிழை.

எனவே பேரம் நடந்தது. கதவின் அடி அடைபட்டே இருக்கும். கதவுக்கு மேலே இருந்த சிறு காற்றுச்சாளரத்தின் நெகிழித்தாள் கிழிக்கப்பட்டது. அங்கே நுழையும் குளிர்காற்று கூரையடியில் தேங்கிய சூட்டோடு கலந்த பிறகே கீழே வரும். கடுகெண்ணெய்த் தகரடப்பாக்கள் இரண்டை வெட்டி விரித்து, சுடர்களுக்கு மேலே, தலை இடிக்காத உயரத்தில், கவிழ்த்த புனல்போலத் தொங்கவிட்டான் கொழுந்தன். சுவரில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து அதன் வழியே குழாயை வெளியே விட்டான். விசிறி எதுவும் இல்லை. சூடான காற்று தானாகவே மேலேறுகிறது, சுடர் அசையவில்லை. இரண்டு நாள் கூலி போயிற்று, அதைப் பற்றிக் கணவன் முணுமுணுத்தான்.

முதுகுக்குத் தனி ஏற்பாடு. கயிற்றுக்கட்டிலை நிமிர்த்திப் பின்னால் சாய்த்து, அதன்மேல் ரஜாய் விரித்தார்கள். குளிர்ந்த சுவர் உடம்பின் சூட்டை இழுப்பதும் நின்றது. கீழே சாக்கு, அதன்மேல் மரப்பலகை. மருமகளின் அக்ரிலிக் சால்வை கழற்றப்பட்டது. அது தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும் நூல். தொங்கும் முனைகள் வேறு. பதிலாக மாமியாரின் பழைய கம்பளி ஸ்வெட்டர், கைகள் முழங்கைவரை மடித்துவிடப்பட்டன. கம்பளி கருகுமே தவிர எளிதில் பற்றாது. இதை மாமியாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தலைவலி முழுவதும் போய்விடவில்லை. மங்கிய ஒளியில் முனைகளை உற்றுப்பார்க்கும் கண்ணுக்கு அது தனிக்கடன். குமட்டல் நின்றது. சுவரின் ஈரம் பத்து நாளில் காய்ந்தது. அதைக் கண்டபிறகே மாமியார் தகரக் கூம்பைத் ‘தம்பியின் தொப்பி’ என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டார்.

உண்மையான சண்டை இரவைப் பற்றியது. சுடர் அணைந்த பிறகு படுக்கையருகில் அங்கீட்டியில் கரி மூட்டி வைப்பது அந்த வீட்டின் பழக்கம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியச் செய்தித்தாள்களின் ஒரு மூலையில், மூடிய அறைக்குள் அங்கீட்டியோடு உறங்கி எழாமற்போன குடும்பம் ஒன்றின் செய்தி வரும். மருமகள் அத்தகைய செய்தி ஒன்றைப் படித்துக் காட்டினாள். மாமியார் நெடுநேரம் பேசவில்லை. அங்கீட்டி அன்றிரவு முற்றத்திலேயே இருந்தது. மறுநாள் மாலை, வேலை முடியும் தறுவாயில், சுவரிலிருந்து பெயர்த்த செங்கல்லை அவர் சுடரோரம் வைத்துக் காய்ச்சினார். பழைய சேலையில் இரண்டு சுற்று சுற்றி மருமகளின் காலடியில் ரஜாய்க்குள் தள்ளினார். குழாயின் வாயில் ஒரு துணியைத் திணித்தார். காலையில் சுடர் ஏற்றுவதற்கு முன், “துணியை எடுத்தாயிற்றா?” என்று கேட்பதும் அவரே.