செங்கோட்டைக் கணவாயில் பத்துச் சைக்கிள்கள்

தென்காசியில் நின்று மேற்கே நோக்கினால் மலை ஒரு நெடுஞ்சுவராகத் தோன்றும். அந்தச் சுவரில் ஒரு வாசல் உண்டு. செங்கோட்டைக் கணவாய் என்றும் ஆரியங்காவுக் கணவாய் என்றும் அதைச் சொல்வார்கள். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று மேகங்களைச் சுமந்து இவ்வழியே நுழைந்துதான் குற்றாலத்தில் சாரலாகச் சிந்துகிறது. அக்காற்றுக்கு எதிராகவே சென்று, சைக்கிளில் மலையைக் கடந்து புனலூர் சேர்வதென்று ஓர் ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். தூரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர்.

எங்கள் கோஷ்டியில் ஆசிரியர் மூவர். எங்களிடம் படித்து வெளியேறிய இளைஞர் எழுவர். ஒன்பது வண்டிகளுக்குக் கியர் உண்டு. பத்தாவது வண்டி, பதினோராம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த சைக்கிள். அதன் கேரியரில் ஒரு துணிமூட்டையும் இருந்தது.

"உல்லாசப் பிரயாணத்துக்கு மூட்டை எதற்கப்பா?" என்று கேட்டேன்.

"புனலூரில் ஒரு கடையில் வேலை, சார். நாளைக்கு எப்படியும் போக வேண்டியவன்தானே? சைக்கிளும் அங்கே கிடந்தால் உதவும்" என்றான்.

செங்கோட்டையில் திருவிதாங்கூர்க் காலத்து நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. இவ்வூர் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வாஞ்சிநாதன் சிலைமுன் இறங்கி வணங்கினோம். 1886-இல் இவ்வூரில் பிறந்த அவர், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அவர் கைக்கொண்ட வழியைப் பற்றி, காந்தியடிகளைப் பின்பற்றும் நம்மவர் பலருக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. ஆயினும் தேசத்தின்பொருட்டு அவ்விளைஞர் தம் உயிரைத் துரும்பாக மதித்தார் என்பதை யார் மறுக்க முடியும்?

புளியரை வயல்களைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. பாம்புபோல் நெளிந்த சாலையில் லாரிகள் முனகிக்கொண்டு ஏறின. ஆசிரியன் என்ற கௌரவத்தோடு நான் முன்னணியில் மிதித்தேன். இரண்டு வளைவுகளுக்குள் கௌரவம் இருந்தது, மூச்சு இல்லை. இறங்கி ஓரமாய் நின்றேன். அடிவாரத்திலேயே இறங்கி, சீராக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த மூட்டைக்காரன் என்னை எட்டிவிட்டான்.

"தள்ளிக்கொண்டே வாருங்கள், சார். மேலே போனாலும் தெம்பு மிச்சம் இருக்கும்" என்றான். மலை விஷயத்தில் அன்று அவனே வாத்தியார்.

அவனோடு நடக்கையில்தான் ஒன்று உறைத்தது. வாஞ்சிநாதன் உத்தியோகம் பார்த்ததும் புனலூரில்தான், திருவிதாங்கூர் வனத்துறையில். ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆனால், பிழைப்புக்காக வீட்டைப் பிரிந்து இந்த மலையைக் கடந்து போன ஓர் இளைஞராக அவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. சிலையில் இருப்பவரும் பக்கத்தில் மூட்டையோடு நடப்பவனும் ஒரே வழிப்போக்கர்கள்!

கோட்டைவாசலில் மாநில எல்லை. பெயர்ப்பலகைகள் மலையாளத்துக்கு மாறின. சாரல் மட்டும் மொழி மாறாமல் பெய்தது. ஆரியங்காவில் சாலையைவிடத் தாழ்ந்த இடத்தில் ஐயன் கோயில். தேவி புஷ்கலை சௌராஷ்டிரர் குலமகள் என்பது ஐதிகம். ஆகவே இங்கே நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரைச் சௌராஷ்டிரர்கள் பெண்வீட்டாராக மலை கடந்து வருகிறார்கள். கணவாய் வழியே சம்பந்தமும் நடக்கிறது!

அப்பால் இறக்கம். மழையில் பிரேக்குகள் பிடிப்புத் தளர்ந்தன. வேகமாய் முந்திய இருவரைக் கூவி நிறுத்தி, ஒருவர் பின் ஒருவராக மெல்ல இறங்கினோம். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலம் சாலையோரம் கம்பீரமாக நின்றது. 1904-இல் திறந்த அந்த மீட்டர்கேஜ் பாதை 2010-இல் ஓய்ந்து, அகலப்பாதையாகி 2018-இல் மீண்டும் உயிர்பெற்றது.

தென்மலையில் தேநீர் அருந்தும்போது மூட்டைக்காரன் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாராவாரம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போன வழி, சார். இவ்வளவு அழகென்று இன்றைக்குத்தான் தெரிந்தது" என்றான்.

மாலையில் புனலூர். கல்லடையாற்றின்மேல் 1877-இல் அமைத்த தொங்குபாலத்தில் பத்துப் பேரும் கால் வைத்து நடந்தோம். பிறகு எங்கள் ஒன்பது வண்டிகளையும் வேனில் ஏற்றினோம். அவன் மூட்டையைச் சரிசெய்து, "போய் வாருங்கள், சார்" என்று கைகூப்பினான்.

திரும்பும் வழியில் மலை இருட்டிவிட்டது. வேனுக்குள் யாரும் தூங்கவில்லை.