ஈய முத்திரை

என் தமக்கை மகன் ஜப்பானில் ஆறு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு 2019-இல் கோயம்புத்தூர் திரும்பினான். ஜப்பானுக்குப் போனவர்கள் கேமரா கொண்டுவருவார்கள், கைக்கடிகாரம் கொண்டுவருவார்கள். இவன் ஒரு மோட்டார் காரையே கொண்டுவந்துவிட்டான். சுபாரு என்று பெயர், மயில்கழுத்து நீலம். அது கப்பலேறிப் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கி, தீர்வை கட்டி, லாரியில் ஏறிப் பீளமேடு வந்து சேர்வதற்குள் அதன் விலைக்கு மேல் இன்னொரு விலை ஆகிவிட்டது. "அந்தப் பணத்துக்குச் சூலூர்ல ரெண்டு சைட்டு வாங்கியிருக்கலாம்" என்று என் அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைகளில் அந்தக் காருக்கு அவளே சாம்பிராணியும் போடுகிறாள்.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் நான். கார்களைப் பற்றி என்னுடைய ஞானம் கதவைத் திறந்து உட்காருவதோடு சரி. பஸ்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் தெரியும். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன் வந்தான். "மாமா, கணபதி வரைக்கும் ஒரு சின்ன வேலை இருக்குதுங்க. கூட வாறீங்களா?" என்றான். "அம்மாகிட்டச் சொல்ல வேண்டாமுங்க" என்றும் சேர்த்துக்கொண்டான். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, டிபன் ஆகிவிட்டது, எழுத வேண்டியதை எழுதாமல் இருக்க ஒரு காரணமும் கிடைத்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

வழியில் விஷயத்தைச் சொன்னான். ஜப்பானிலேயே விற்பதற்காகச் செய்யும் கார்களுக்குத் தொழிற்சாலையில் ஒரு பூட்டுப் போட்டுவிடுகிறார்களாம். மணிக்கு 180 கிலோமீட்டர். அதற்கு மேல் போகாது. சர்க்கார் உத்தரவு அல்ல, கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஜெர்மானியக் கம்பெனிகள் சிலவும் இப்படியே 250 என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டன. சக்கரம் சுற்றுவதை ஒரு சின்னக் கருவி எண்ணி எண்ணி எஞ்சினின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை எல்லையைத் தொட்டதும் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தும். "பின்னாலிருந்து யாரோ சட்டைக் காலரைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்குமுங்க" என்றான் பையன். நிஸ்ஸான் கம்பெனி 2007-இல் அந்த நாட்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஜி.டி.-ஆர் என்ற காரில் இதைவிட விசேஷம். கார் ஒரு பந்தய மைதானத்துக்குள்தான் இருக்கிறது என்று ஆகாயத்துச் செயற்கைக்கோள் சாட்சி சொன்னால்தான் பூட்டைத் திறக்க முடியும்!

இந்தப் பூட்டைக் கழற்றத்தான் நாங்கள் கணபதிக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"ஏன் கண்ணு, நம்மூர்ல 180-க்கு மேல எங்கே ஓட்டப்போறே?"

"ஓட்டறதுக்கு இல்லீங்க மாமா. நான் காசு போட்டு வாங்குன வண்டி. முகம் தெரியாத எவனோ அதுக்குள்ள உக்காந்துட்டு 'இவ்வளவுதான் உனக்கு'ன்னு சொல்றான் பாருங்க, அதுதான்."

எனக்கு இது புரியாமல் இல்லை. 'நாலு பக்கத்துக்கு மேல் வேண்டாம்' என்று சொல்லும் பத்திரிகாசிரியர்களிடம் இருபது வருஷமாக எனக்கும் இதே கோபம்தான். தவிர, எந்திரத்தைப் பிரித்துப் பார்க்காவிட்டால் கோயம்புத்தூர்க்காரனுக்குத் தூக்கம் வராது. ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது ஒரு மோட்டார் சைக்கிளுக்கு ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த காரியம் அக்கு அக்காகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியது. பந்தயக் கார்களை இந்த ஊரிலேயே செய்து ஓட்டிய கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தய மைதானம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். இப்படிப்பட்ட மண்ணில் ஒரு பையன் காரில் ஒரு பூட்டைக் கழற்றினால் என்ன மோசம் என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் அந்தச் செட்டிபாளையம் மைதானத்துக்கு நானும் ஒரு தடவை அவனோடு போயிருக்கிறேன். இரண்டு கிலோமீட்டர் சொச்சத்தில் வளைவுகளாகவே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு முக்கியும் முள் 150-ஐத் தொடவில்லை. அதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். பூட்டு அங்கே குறுக்கே வரவே இல்லை. அது குறுக்கே வரக்கூடிய இடம் நீங்களும் நானும் போகிற பெருஞ்சாலை ஒன்றுதான். இதை அவனிடம் சொன்னேன்.

பையன் சிரித்தான். "அப்பிச்சி மட்டும் பம்ப் ஏத்தலீங்களா மாமா? அம்மாதான் பெருமையாச் சொல்லும்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது.

அப்பிச்சி என்று அவன் சொன்னது என் தகப்பனாரை. ஒரு தனியார் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினார். கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் பழனி. 1920-இல் ஜி.டி. நாயுடு தம் முதல் பஸ்ஸை ஓட்டியதும் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில்தான். அப்பாவுக்கு அதில் ஓர் அற்பப் பெருமை உண்டு.

டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டும் பம்ப்புக்குள் 'கவர்னர்' என்று ஓர் உறுப்பு இருக்கிறது. நீராவி எந்திரத்துக்காக 1788-இல் ஜேம்ஸ் வாட் இரண்டு குண்டுகளைச் சுழலவிட்டுச் செய்தாரே, அதன் வம்சம். எஞ்சின் ஓர் அளவுக்கு மேல் சுற்றப் பார்த்தால் இது எண்ணெயைக் குறைத்துவிடும். அந்த அளவை நிர்ணயிப்பது ஒரு திருகாணி. யாரும் கை வைக்காமல் இருக்க, திருகாணியின் ஊடே மெல்லிய கம்பி கோத்து, ஒரு ஈயக் குண்டை நசுக்கி முத்திரை வைத்திருப்பார்கள். கம்பியை வெட்டித் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினால் பஸ்ஸுக்குப் புதிய உயிர் வந்துவிடும். 'பம்ப் ஏத்தறது' என்று இதற்குப் பெயர்.

அப்பா ஆசைக்காகப் பம்ப் ஏற்றவில்லை. முன்னால் ஐந்து நிமிஷத்தில் ஒரு வண்டி, பின்னால் ஐந்து நிமிஷத்தில் ஒரு வண்டி. முன் வண்டி தாமதித்தால் ஜனங்களை அள்ளிக்கொண்டு போய்விடும். பின் வண்டி முந்தினால் கலெக்ஷன் போயிற்று. ஸ்டாண்டில் டைம் கீப்பர், கம்பெனியில் முதலாளி, வீட்டில் நாங்கள். அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவருக்கு ஒரு திருகாணிதான் கை கொடுத்தது. பழனிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேருகிற டிரைவர் என்று அவருக்குப் பெயர். வீட்டில் நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

1991-இல் ஒரு நாள் விடியற்காலை, கிணத்துக்கடவைத் தாண்டி, பால் கேன் கட்டிய சைக்கிள் ஒன்று அப்பாவின் பஸ்ஸில் அடிபட்டது. சைக்கிள்காரர் அங்கேயே இறந்துபோனார். எனக்கு அப்போது பத்து வயது. அக்கா பிரசவத்துக்குப் பிறந்தவீடு வந்திருந்தாள். இந்தப் பையன் மூன்று மாதக் குழந்தை. அன்று இரவு அம்மா சோற்றுப் போசியோடு என்னைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அப்பா உள்ளே இருந்தார். பஸ் வெளியே புளியமரத்தடியில் நின்றது. கம்பெனி ஆளும் பம்ப் மெக்கானிக்கும் அங்கே வந்திருந்தார்கள். "வா கண்ணு, இந்த டார்ச்சைக் கொஞ்சம் புடி" என்றார் மெக்கானிக்.

பிடித்தேன். திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். புதுக் கம்பி கோத்தார். குறடால் ஈயத்தை நசுக்கினார். ஈயம் மிருதுவானது, ஒரே அமுக்கில் அச்சுப் பதிந்துவிட்டது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது. மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். கேஸ் மூன்று வருஷம் நடந்து அப்பாவுக்கு விடுதலை ஆயிற்று.

"பம்ப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அறுபதுலதான் வந்தேன்." அப்பா ஒரே ஒரு தடவை இதைச் சொன்னார், யாரும் கேட்காதபோது. நிஜமாகவே இருக்கலாம். அதற்குப் பிறகு அவர் பம்ப் ஏற்றவில்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். 2015-இல், புதிதாகச் செய்யும் பஸ், லாரிகளுக்கெல்லாம் 80-க்கு மேல் போகாமல் கட்டாயமாகப் பூட்டு வேண்டும் என்று மத்திய சர்க்கார் விதி செய்ததைப் பத்திரிகையில் படித்தபோது அப்பா உயிரோடு இல்லை.

நிற்க. கணபதியில் நான் எதிர்பார்த்தது கிரீஸ் மணக்கும் ஒரு பட்டறை. பார்த்ததோ டாக்டர் வீட்டு முன்னறை போல ஓர் இடம். மெக்கானிக்குக்கு முப்பது வயது இருக்கலாம். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ஸ்பானர் கிடையாது, குறடு கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகினார். மடிக் கம்ப்யூட்டரில் எண்கள் ஓடின. ஆனால் எண்ணில் கை வைப்பதற்கு முன்னால் மனிதர் கார்ச் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து டயர் எழுத்தைப் படித்தார். ஒவ்வொரு டயருக்கும் அதன் வேக எல்லையை ஓர் எழுத்தாகப் பக்கச் சுவரில் அச்சடித்திருக்கிறார்களாம். எஸ் என்றால் 180, எச் என்றால் 210, வி என்றால் 240.

"பின்னாடி ரெண்டும் தேவலைங்க. முன்னாடி ரெண்டும் இங்கே மாத்துனீங்களா? எச்-தானுங்க. 200-ல நிறுத்தி வெச்சுக்கலாமே?"

"எடுத்துடுங்க. டயர் மாத்திக்கறேன்" என்றான் பையன்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். கூட வந்த பெரியவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ! நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் ஒரு பென்டிரைவை என்னிடம் நீட்டினார். "பழைய கணக்கு இதுல அப்படியே இருக்குதுங்க. எப்ப வேணும்னாலும் திருப்பிப் போட்டுக்கலாம். நீங்க வெச்சிருங்க."

திரும்பும்போது பையன் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. நீலாம்பூரைத் தாண்டி அவிநாசி நோக்கி விட்டான். சாலை காலியாகத்தான் இருந்தது. 180 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 50 மீட்டர். எங்கள் பக்கத்துத் தோப்பில் தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி விடுவார்கள். அந்தக் கணக்கில், கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பதற்குள் ஆறு தென்னை போய்விடும். முள் 180-ஐத் தாண்டியபோது யாரும் காலரைப் பிடித்து இழுக்கவில்லை. சுகமாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பத்து விநாடி இருக்கும். சாலை ஓரமாகச் சோளத்தட்டுக் கட்டு ஏற்றிக்கொண்டு டி.வி.எஸ். வண்டி ஒன்று, புருஷனும் பெண்சாதியுமாக, எதிர்த் திசையில் வந்துகொண்டிருந்தது. இதைக் கண்டேன் என்று சொல்ல முடியாது. கடந்த பிற்பாடு, கண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

பையனும் அதற்குப் பிறகுதான் பார்த்திருப்பான் போலிருக்கிறது. காலை எடுத்துவிட்டான். தெக்கலூரில் டீ குடித்தோம். அவன் கப்பைப் பிடித்திருந்த கை லேசாக ஆடியது. அப்போது சொல்லியிருக்கலாம், அந்த டார்ச் லைட் சமாசாரத்தை. "சர்க்கரை ஜாஸ்தி" என்றேன்.

முன் டயர்களை அவன் இன்னும் மாற்றவில்லை. பென்டிரைவ் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

பையன் தமிழ்ப் பத்திரிகை படிப்பதில்லை. அக்கா வாரம் தவறாமல் படிக்கிறாள். நான் எழுதியது வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கட்டிலில் சாய்ந்து படித்துவிட்டு, மூன்று மணி சுமாருக்குப் போன் செய்வாள். கணபதிக்குப் போன விஷயமும் அவளுக்குத் தெரியாது, புளியமரத்தடி விஷயமும் தெரியாது. இந்த வாரம் மூன்று மணிக்கு நான் வீட்டில்தான் இருப்பேன்.